கண்ணும் காலும்: ஒரு நீரிழிவு மருந்தின் கதை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்வாண்டு விழாவில் உடல்நலம் குறித்து ஒருவர் உரையாற்ற வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அப்பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தபோது, முதலில் தயங்கினோம். நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் பேரேடு பார்த்து வருகிறோம். ஆயினும் ஒப்புக்கொண்டோம். அதற்குக் காரணம் ஒரு நண்பர் நம்மிடம் கேட்ட இரண்டு கேள்விகள். அவற்றிற்கு விடை தேடி, தெரிந்த மருத்துவரிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்துகொண்டதையே இங்குச் சொல்லப் போகிறோம்.

அந்நண்பர் நம் அலுவலகத்தில் நமக்கு மூத்தவராயிருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சில ஆண்டுகள் ஒழுங்காக உட்கொண்டார். பிறகு, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு?" என்று விட்டுவிட்டார். சென்ற ஆண்டு வலக்காலின் பெருவிரலில் செருப்பு கடித்து ஒரு சிறு புண் உண்டாயிற்று. வலிக்கவில்லை, ஆதலால் அவர் பொருட்படுத்தவுமில்லை. மூன்று வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனபோது, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அதே வாரத்தில் கண்ணையும் சோதித்தார்கள். கண் மருத்துவர், "விழித்திரையில் தேவையற்ற புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துவிட்டன, லேசர் ஒளியால் அடக்க வேண்டும்" என்றார். அறுவை மருத்துவரோ, "காலுக்கு இரத்தம் போதவில்லை, புண் ஆறுவதற்கு வேண்டிய புதிய குழாய்கள் வளரவில்லை" என்றார். நாம் பார்க்கப் போனபோது, கட்டுப்போட்ட காலை நீட்டியபடியே நண்பர் கேட்டார்: "ஏனப்பா, கண்ணிலே வேண்டாத குழாய் வளருகிறதாம். காலிலே வேண்டிய குழாய் வளரவில்லையாம். உடம்பு ஒன்று, இரத்தம் ஒன்று. இது என்ன கணக்கு?" சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, தணிந்த குரலில் இன்னொன்றும் கேட்டார்: "அந்த மாத்திரையை விடாமல் தின்றிருந்தால் இரண்டும் வந்திராதோ?"

அன்று நம்மால் விடை கூற இயலவில்லை.

அன்பர்களே! இது ஒருவருடைய துன்பம் மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்று 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர். அந்நோயின் வாயிலில் நிற்போர் மேலும் சுமார் 13 கோடியே 60 இலட்சம் பேர். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களில் இந்நோயை அறியாத குடும்பம் எத்தனை இருக்கும்? ஆதலின் நண்பரின் கேள்வி நம் அனைவர்க்கும் உரியதே.

அவர் விட்டுவிட்ட மாத்திரையின் பெயர் மெட்பார்மின். அதன் வரலாற்றை முதலில் சுருக்கமாகக் காண்போம்.

ஐரோப்பாவில் காலேகா என்றொரு செடி உண்டு. அந்நாட்டு மக்கள் பழங்காலத்தில் அதை மருந்துச் செடியாகப் பயன்படுத்தினர். குவானிடின் என்னும் வேதிப்பொருளைச் சேர்ந்த ஒன்று அதில் உண்டு. குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை 1918-இல் கண்டறிந்தனர். ஆனால் அது நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவுப் பொருளாகிய மெட்பார்மினை 1922-இல் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இருவர் சோதனைச்சாலையில் ஆக்கினர். அதே 1922-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. உலகம் இன்சுலினைக் கொண்டாடிற்று, மெட்பார்மினை மறந்தது. பின்னர், பிலிப்பைன்ஸ் நாட்டில் கார்சியா என்னும் மருத்துவர் 1950-ஐ ஒட்டி அதனை இன்புளுயன்சா காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். அங்கே சர்க்கரை குறைவது கண்ணில் பட்டது. பாரிஸ் நகரில் ஜான் ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் அதை நீரிழிவு நோயாளிகளுக்கே கொடுத்து, 1957-இல் முடிவை வெளியிட்டார்.

அதற்குப் பின்னும் தடை வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்பார்மின் என்னும் மருந்து இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கிச் சிலரது உயிரைப் பறித்தது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் அது விலக்கப்பட்டது. உடன்பிறப்பின் பழி மெட்பார்மின் மேலும் விழுந்தது. அமெரிக்கா அதனை ஏற்றது 1994-இன் இறுதியிலேதான். இன்று இரண்டாம் வகை நீரிழிவுக்கு உலகெங்கும் மிகுதியாக வழங்கப்படும் மருந்துகளில் அது முன்னிற்கிறது. அதன் விலையும் எளியோர்க்கு எட்டுவதாகவே இருக்கிறது.

இம்மருந்து கணையத்தை அடித்து வேலை வாங்குவதில்லை. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ஆக்கி இரத்தத்தில் விடுவதை அது குறைக்கிறது. உயிரணுவினுள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பில் ஒரு பகுதியை அது மெல்லத் தடுப்பதை 2000-இல் கண்டனர். ஆற்றல் இருப்புக் குறைந்ததை உணர்ந்ததும் ஏ.எம்.பி.கே. என்னும் நொதி விழித்தெழுகிறது; "செலவைக் குறை, கையிருப்பைப் பயன்படுத்து" என்று உயிரணுவுக்கு ஆணையிடுகிறது. மெட்பார்மின் இந்நொதியைத் தூண்டுவது 2001-இல் வெளியாயிற்று. நம் அலுவலக மொழியில் கூறினால், உயிரணுவின் கணக்கரை அது தட்டி எழுப்புகிறது என்னலாம்.

இனிக் கேள்விக்கு வருவோம். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 1998-இல் வெளியாயின. அதில் பருமனான உடலுடைய நோயாளிகள் 342 பேருக்கு மெட்பார்மின் கொடுக்கப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்ட வழக்கமான சிகிச்சை பெற்றோரோடு ஒப்பிட, இவர்களிடையே மாரடைப்பு 39 விழுக்காடும், எக்காரணத்தாலும் நேரும் மரணம் 36 விழுக்காடும் குறைந்தன. இன்சுலினாலும் வேறு மாத்திரைகளாலும் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குழுவினரிடம் இத்துணைப் பயன் காணப்படவில்லை. அப்படியானால் சர்க்கரையைக் குறைப்பதற்கும் மேலாக இம்மருந்து ஏதோ செய்கின்றதோ என்ற ஐயம் எழுந்தது. அறிஞர் பார்வை இரண்டு பொருள்களின் மேல் சென்றது. ஒன்று அழற்சி, மற்றொன்று இரத்தக் குழாய்களின் வளர்ச்சி.

அழற்சி என்பது யாது? சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அதன் நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய ஆசிரியர் செல்சஸ் எழுதி வைத்தார். அது பகையன்று, உடலின் பழுதுபார்க்கும் படை. இருப்புப்பாதையில் பழுது நேர்ந்தால் கேங்மன்கள் கருவிகளோடு வருகிறார்கள். பழுதைப் பெயர்த்தெடுத்துச் சீர்செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை முடிந்த பின்னும் போகாமல், நல்ல தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டிருந்தால் என்னாகும்? நீரிழிவில் நிகழ்வது ஏறக்குறைய அதுவே. சூடும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் கனன்றுகொண்டே இருக்கும் ஒரு தணலைப் போல, மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அதனால் முதலில் கெடுவது இரத்தக் குழாயின் உட்சுவர்.

இப்போது கண்ணைப் பாருங்கள். விழித்திரையின் நுண்குழாய்கள் மிகுந்த சர்க்கரையாலும் அழற்சியாலும் சிதைந்து அடைபடுகின்றன. பிராணவாயு கிடைக்காத அத்திரை, வி.ஈ.ஜி.எப். என்னும் புரதத்தை வெளியிட்டு, "புதிய குழாய் வேண்டும்" என்று கூவுகிறது. நீரிழிவுக் கண்நோய் உடையோரின் கண்ணின் உள்நீரில் இப்புரதம் மிகுந்திருப்பதை 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கூவலைக் கேட்டுக் குழாய்கள் வருகின்றன. ஆனால் அவசரத்தில் போட்ட பாதையைப் போல, வலுவற்றவையாக வருகின்றன. கசிகின்றன, உடைகின்றன, பார்வையை மறைக்கின்றன.

காலிலோ கதை வேறு. அங்கும் பிராணவாயுப் பஞ்சம் உண்டு. ஆனால் கூவலுக்குச் செவிசாய்ப்போர் குறைவு. குழாயின் உட்சுவர் கெட்டிருப்பதால் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு போதிய அளவு உண்டாவதில்லை. புண்ணைத் தூய்மை செய்ய வந்த வெள்ளணுக்கள், அவ்வேலை முடிந்ததும் கட்டும் வேலைக்கு மாற வேண்டும். நீரிழிவுப் புண்ணில் அவை மாறாமல் இடிக்கும் வேலையிலேயே நின்றுவிடுகின்றன. நரம்பும் மரத்துப்போவதால் வலி என்னும் எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை.

ஆகவே, நண்பரே, கணக்கு இதுதான்: கண்ணில் மிகுதியும் காலில் குறைவும் இரு வேறு நோய்கள் அல்ல. சீர்கெட்ட உட்சுவரும், ஓயாத அழற்சியும் என்னும் ஒரே கடன், இரண்டு பேரேடுகளில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது.

இவ்விரண்டிலும் மெட்பார்மின் என்ன செய்கிறது? ஆய்வுக்கூடச் செய்திகள் வியப்பூட்டுவன. அழற்சிக்கு ஆணையிடும் என்.எப். கப்பா-பி என்னும் புரதத்தை, இரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்களில், ஏ.எம்.பி.கே. வழியாக இம்மருந்து அடக்குவதை 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். காலின் இரத்தக் குழாய் கட்டப்பட்ட எலிகளில், இம்மருந்து புதிய ஓட்டம் பிறக்கத் துணைசெய்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. கண்ணிலும் புற்றுக்கட்டியிலும் வேண்டாத குழாய் வளர்ச்சியை அதே மருந்து குறைத்ததாக வேறு ஆய்வுகள் கூறுகின்றன. கேட்பவர்க்கு, "ஆகா, வேண்டிய இடத்தில் வளர்க்கிறது, வேண்டாத இடத்தில் தடுக்கிறது, இதுவன்றோ அமுதம்!" என்று தோன்றும்.

இங்கேதான் பேரேடு பார்ப்பவனின் பழக்கம் நமக்கு உதவுகிறது. வந்த சீட்டையெல்லாம் சரிபார்க்காமல் வரவில் எழுதலாகாது. கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களுக்கு ஊற்றிய மருந்தின் அளவு, மாத்திரை உண்ணும் மனிதரின் இரத்தத்தில் காணும் அளவைவிடப் பல ஆய்வுகளில் மிக அதிகம். எலியின் கால் மனிதனின் கால் அன்று. மனிதரிடம் சோதித்தபோது கிடைத்த விடை அடக்கமாகவே இருக்கிறது.

ஒரு சான்று. புற்றுக்கட்டி வளரப் புதிய இரத்தக் குழாய் வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் போக்மன் 1971-இல் எடுத்துரைத்தார். மெட்பார்மின் அக்குழாயைத் தடுக்கும், கட்டியையும் ஒடுக்கும் என்று பலர் நம்பினர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற, நீரிழிவு இல்லாத 3,649 பேரிடம் ஐந்தாண்டு மருந்து கொடுத்துச் சோதித்த பேராய்வு 2022-இல் வெளியாயிற்று. நோய் திரும்பாமல் காப்பதில் வெறும் மாத்திரை உண்டவர்க்கும் இவர்க்கும் பொதுவில் வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொரு சான்று அழற்சி பற்றியது. சி.ஆர்.பி. என்பது இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகோல். அண்மையில் நீரிழிவு கண்ட 500 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மெட்பார்மின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் சி.ஆர்.பி.-யைப் பொறுத்தவரை, அதை உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயின் வாயிலில் நின்றோரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்விலோ, ஓராண்டில் மெட்பார்மினால் சி.ஆர்.பி. ஆண்களிடம் 7 விழுக்காடும் பெண்களிடம் 14 விழுக்காடும் குறைந்தது. அதே ஆய்வில் மருந்தே இன்றி, அளவாக உண்டு, நாள்தோறும் நடந்து, எடையைக் குறைத்தவர்களிடம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஆண்களிடம் 33 விழுக்காடு; பெண்களிடம் 29 விழுக்காடு! இது 2005-இல் வெளியான கணக்கு. தணலை அவிப்பதில் மாத்திரையைக் கால்நடை வென்றுவிட்டது.

நம் மக்களிடமே செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியானது அது. நோயின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தனர். மூன்றாண்டில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரில் அது 39.3 விழுக்காடு, சிறிய அளவில் மெட்பார்மின் உண்டோரில் 40.5 விழுக்காடு, இரண்டையும் செய்தோரில் 39.5 விழுக்காடு. மாத்திரை உதவிற்று, நடையும் அதே அளவு உதவிற்று.

இதனால் மாத்திரை வீண் என்று எவரும் கருதலாகாது. நோய் வந்தவர்க்கு அது நம்பத்தக்க துணை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணின் நுண்குழாய்கள் சிதைவது மெதுவாகிறது என்பதில் ஐயமில்லை. நாம் கூற வந்தது, அதன் மேல் அது தாங்காத சுமையை ஏற்றக்கூடாது என்பதே. கண்ணில் முளைத்த குழாய்க்கு மருந்து, கண் மருத்துவரின் லேசரும், வி.ஈ.ஜி.எப். புரதத்தைத் தடுக்கும் ஊசியுமேயாகும். ஆறாத புண்ணுக்கு மருந்து, காலத்தோடு செய்யும் சிகிச்சை. மெட்பார்மின் அவற்றுக்கு மாற்றாகாது.

மாத்திரை உண்போர் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். உணவோடு உண்டால் பெரும்பாலும் தணியும். தணியாவிடில் மருத்துவரிடம் சொன்னால் மெல்லக் கரையும் மாத்திரையாக மாற்றிக் கொடுப்பார். நெடுங்காலம் உண்டால் பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறையலாம். மரக்கறி உணவினர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். அக்குறையாலும் பாதம் எரியும், மரத்துப்போகும். அதை நீரிழிவால் வந்தது என்றே எண்ணி விட்டுவிடுவோர் உண்டு. "இது சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. அது உண்மையன்று. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் நலிந்தவர்க்கு மருந்து உடலில் தேங்கும்; அப்போது லாக்டிக் அமிலம் பெருகும் அபாயம் உண்டு. ஆதலால்தான் மருத்துவர் ஆண்டுதோறும் சிறுநீரகத்தைச் சோதித்து, அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்கிறார். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டு உடல் நீர் வற்றும் நாளிலும் அவரைக் கேட்டே உண்ணவேண்டும். நிறுத்துவது அவர் வேலை. நம் வேலை அன்று.

ஊரைவிட்டுத் தொலைவில் வந்து வாழும் நமக்கு ஒரு குறை உண்டு. "காலைக் காட்டு, பார்ப்போம்" என்று உரிமையோடு கேட்கும் பெரியவர்கள் பலர் இல்லங்களில் உடன் இல்லை. ஆகவே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள்; குனிய இயலாதோர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு நடவாதீர்கள். பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஏனெனில் கண்ணில் குழாய் முளைக்கும்போது வலியும் இல்லை, தொடக்கத்தில் மங்கலும் இல்லை.

சென்ற மாதம் நண்பரை மறுபடியும் கண்டோம். முதற் கேள்விக்கு மேற்கூறிய விடையைச் சொன்னோம். தலையசைத்துக் கேட்டார். இரண்டாம் கேள்வியைச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. அவரே, "அதற்கும் சொல்" என்றார். "மாத்திரையை விடாதிருந்தால் இரண்டும் வந்தே இராது என்று எவரும் உறுதி கூற முடியாது. இத்துணை விரைவில், இத்துணைக் கடுமையாக வந்திராது என்று எண்ண இடமுண்டு. ஆனால் விரலைக் காப்பாற்றியிருக்கக் கூடியது மாத்திரை அன்று, புண் வந்த அன்றே காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்றோம். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று வருந்தினோம்.

அவர் வருந்தவில்லை. "மூன்று வாரம் அப்பா, மூன்று வாரம் செருப்புக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தேன்" என்றார். பின்பு, "சங்கத்தில் பேசப்போகிறாய் அல்லவா? இதைச் சொல். பெயரை மட்டும் சொல்லாதே" என்றார்.

அவர் சொற்படி பெயரை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிவிட்டோம். இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றும்போது ஒரு கணம் பாதத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.